ராத்திரி பொருந்திய நூல் காலையில் ஏன் தனியாகத் தெரிகிறது?

கேள்வி: லூனாஸில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். தீபாவளி நேரம் என்பதால் ராத்திரியும் தையல்தான். பாசார் மாலாமில் வாங்கிய 12 வாட் எல்இடி பல்பை மாட்டியதிலிருந்து சிவப்பு நூலின் நிறம் துணியோடு பொருந்தாமல் தப்பிக்கொண்டே இருக்கிறது. விற்றவரோ, "வெள்ளை வெளிச்சம் எல்லாம் ஒன்றுதான்" என்கிறார். போன வாரம் பல்பின் மூடி கழன்றது. உள்ளே மஞ்சள் பொட்டுகள். விஷம் என்கிறான் மகன். விலை கூடிய பல்பு வாங்கினால் சரியாகுமா?

பதில்: உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. அந்த மஞ்சள் பொட்டில்தான் விஷயமே இருக்கிறது. எல்இடி சில்லு தருவது நீல ஒளி. மேலே பூசியிருக்கும் பாஸ்பர் தூள், சீரியம் கலந்த யிட்ரியம் அலுமினியம் கார்னெட், அதில் ஒரு பங்கை விழுங்கி மஞ்சளாக உமிழ்கிறது. இரண்டும் கலந்தால் கண்ணுக்கு வெள்ளை. 1996-இல் ஜப்பானின் நிச்சியா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த உத்தி இது. இதில் சிவப்பு குறைச்சல். துணி சிவப்பாகத் தெரிய வெளிச்சத்திலும் சிவப்பு இருக்க வேண்டுமே! அதனால்தான் அரக்கும் மெரூனும் குங்குமமும் ஒரே மாதிரி மங்கித் தெரிகின்றன.

விஷம் என்று பயப்பட வேண்டாம். பாதரசம் இருப்பது பழைய குழல் விளக்கில்தான். ஆனால் மூடி கழன்ற பல்பைத் திரும்ப மாட்டாதீர்கள், ஷாக் அடிக்கும்.

வாங்கும்போது பெட்டியில் 'சிஆர்ஐ' அல்லது 'ஆர்ஏ' எண்ணைத் தேடுங்கள். நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்குப் போடும் மதிப்பெண் அது. சாதாரணப் பல்பில் 80 இருக்கும். இந்த மதிப்பெண் எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்புக்கு 'ஆர்9' என்று தனிக் கணக்கு, அது இந்தச் சராசரியில் சேராது. 80 போட்ட பல்பிலும் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டி இருக்கலாம். உங்கள் வேலைக்கு சிஆர்ஐ 90, ஆர்9 50-க்கு மேல் வேண்டும். இவற்றில் யூரோப்பியம் கலந்த சிவப்பு பாஸ்பரும் சேர்ப்பது வழக்கம், விலை ஏறும். அடர் சிவப்பு நம் கண்ணுக்கு மங்கலாகத்தான் படும் என்பதால் அதே வாட்டில் லூமென், அதாவது வெளிச்சத்தின் அளவு, கொஞ்சம் குறையும். பரவாயில்லை. '6500 கெல்வின், பகல் வெளிச்சம்' என்று கடைக்காரர் சொன்னால் மயங்க வேண்டாம். அது வெளிச்சத்தின் சாயல் மட்டுமே. தையலுக்கு 4000 கெல்வின் எனக்குப் பிடிக்கும்.

வீடு முழுக்க மாற்றுவது வீண் செலவு. தையல் மேசைக்கு ஒன்று போதும், குளியலறைக்கு எதற்கு? சிவப்பில் மூன்று நூல்கண்டுகளோடு கடைக்குப் போங்கள். பல்பின் கீழே பார்த்துவிட்டு அஞ்சடிக்கு வந்து வெயிலில் பாருங்கள். சிரிம் தரச் சான்று லேபிளையும் கவனியுங்கள்.

பழைய பல்புக்குக் காசு திரும்புமா? பெட்டியில் சிஆர்ஐ எண்ணே இல்லையென்றால் நிறத்தைச் சொல்லி வாதாடுவது கஷ்டம். மூடி கழன்றதோ தரக்குறைவு, 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு செய்ய 5 ரிங்கிட்தான். ஆனால் பாசார் மாலாமில் ரசீது யார் தருகிறார்கள்? முதலில் கழன்ற மூடியோடு அதே கடைக்குப் போய் மாற்றித் தரக் கேளுங்கள்.