120இல் தொடங்கிய பட்டியல் 210 ஆனது: முதல் கேமிங் பிசிக்குத் தவணை எடுக்கலாமா?

கேள்வி (தொகைகள் எல்லாம் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்து எழுதியவை): எனக்கு 25 வயது. முதல் முறையாக ஒரு கேமிங் பிசியை நானே பார்ட் பார்ட்டாக வாங்கி அசெம்பிள் செய்ய ஆசை. இதற்காகவே மாதம் 8 வீதம் 15 மாதமாக எடுத்து வைத்து 120 சேர்த்திருக்கிறேன். அவசரத்துக்கு மூன்று மாதச் செலவு தனியாக இருக்கிறது, அதில் கைவைக்க மாட்டேன். முதலில் போட்ட பட்டியல் சரியாக 120க்குள் வந்தது: ரைசன் 5 7600 ப்ராசஸர், பி650 மதர்போர்டு, 32 ஜிபி ராம், 16 ஜிபி நினைவகம் உள்ள ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி கிராபிக்ஸ் கார்டு, 1 டிபி எஸ்எஸ்டி, 650 வாட் பவர் சப்ளை, ஒரு சாதாரண கேபினெட். என் பெரியப்பா மகன் இதில் விவரம் தெரிந்தவர். அவரிடம் காட்டினேன். "இன்னும் கொஞ்சம் போட்டால் அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்லை" என்று ஒவ்வொன்றாக மாற்றி இப்போது 210இல் நிற்கிறது. மீதி 90ஐ அண்ணனின் கிரெடிட் கார்டில் 24 மாதத் தவணையாகப் போட்டு, மாதாமாதம் நான் அவருக்குக் கொடுப்பதாகப் பேச்சு. மானிட்டர் பழையது, 1080பி, 60 ஹெர்ட்ஸ், இப்போதைக்கு அதுவே போதும் என்று விட்டுவிட்டோம். பெரும்பாலும் வாலரண்ட் விளையாடுவேன், வார இறுதியில் சைபர்பங்க் 2077 மாதிரி பெரிய கேம்கள். எல்லாம் முடிவான பிறகு தூக்கம் வரவில்லை. இந்தத் தவணையை என்னால் கட்ட முடியுமா?

(கடிதத்தில் இருந்த தொகைகளை எடுத்துவிட்டு, அவருடைய ஒரு மாதச் சம்பளத்தை 100 என்று வைத்து எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். வேறு எங்கே இருப்பவரும் தன் சம்பளத்தை வைத்துப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.)

பதில்: கட்ட முடியும். மாதம் 8 சேமித்துப் பழகியவருக்கு இந்தத் தவணை ஒரு பாரமே இல்லை, அதனால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. கட்ட முடியாத தவணையாக இருந்திருந்தால் நீங்களே முதல் நாளே வேண்டாம் என்று சொல்லியிருப்பீர்கள்.

எந்த ப்ராசஸர் எந்த போர்டில் உட்காரும், ராமை ஏன் இரண்டு துண்டாக வாங்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், முதல் பட்டியலைப் பார்த்தாலே புரிகிறது. ஒருவர் வந்து என்னிடம் பட்டியல் போட்டுத் தரச் சொன்னாலும் ஏறத்தாழ அதையேதான் எழுதிக் கொடுப்பேன். எனவே பார்ட்ஸ் பாடம் வேண்டாம். உங்களைக் கெடுத்தது ஒரே ஒரு பழக்கம்: ஒவ்வொரு பொருளையும் அதற்கு அடுத்த மாடலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. உங்கள் கேமோடும் உங்கள் திரையோடும் ஒப்பிட்டிருக்க வேண்டும்.

அந்த 90 எப்படி வந்தது என்று உங்கள் கடிதத்தோடு இருந்த இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 7600க்குப் பதில் ரைசன் 7 9800எக்ஸ்3டி, கூடுதல் 34. 7600இன் பெட்டியிலேயே கூலர் வரும், 9800எக்ஸ்3டியோடு வராது, ஆகவே ஒரு லிக்விட் கூலர், 12. இவ்வளவு பெரிய ப்ராசஸருக்கு பி650 போர்டா என்று எக்ஸ்870, இன்னொரு 12. லிக்விட் கூலரின் பெரிய ரேடியேட்டர் உட்கார வேண்டும், விளக்கும் எரிய வேண்டும் என்று வேறு கேபினெட், 4. கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 5070 ஆனது, 24. அதற்காக 850 வாட் பவர் சப்ளை, 4. கூட்டினால் 90. இதில் முதல் நான்கும் ஒரே முடிவின் வால்கள், ப்ராசஸரை மாற்றியதால் வந்தவை, அவை மட்டும் 62. நீங்கள் 34 தருவதற்குத்தான் சம்மதித்தீர்கள், ஆனால் கையெழுத்துப் போட்டது 62க்கு.

சரி, இந்த 62 உங்களுக்கு என்ன தரும்? 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒரு நொடியில் 60 முறைதான் படத்தை மாற்றும், அதற்கு மேல் எத்தனை ஃப்ரேம், அதாவது படம், கணினி தயாரித்தாலும் திரையில் 60க்கு மேல் முழுப் படம் வராது. வாலரண்ட் மிக லேசான கேம், 7600இலேயே நூற்றுக்கணக்கில் ஃப்ரேம் ஓடும். கட்டுப்பாடு கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தெரியலாம், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அது 7600இலும் அப்படித்தான் இருக்கும். சைபர்பங்க் மாதிரி கேமில் சுமை பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் தலையில், அங்கே ப்ராசஸரை மாற்றினால் பெரிதாக எதுவும் மாறாது. அந்த கேமும் 1080பியில், ஒளியை நிஜம் போலக் கணக்கிடும் பாத் டிரேசிங் போன்ற மிகக் கனமான அமைப்பை அணைத்துவிட்டால், 9060 எக்ஸ்டியில் 60ஐத் தாண்டி ஓடும். ஆக 120க்கு வாங்கினாலும் 210க்கு வாங்கினாலும் அந்தத் திரையில் நீங்கள் பார்க்கப் போவது அதே 60தான். இருவரும் இவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசியதில் மானிட்டரை ஏன் யாரும் தொடவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் அண்ணன் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. 5070 கண்டிப்பாக வேகமான கார்டு. ஆனால் அதில் நினைவகம் 12 ஜிபி, நீங்கள் முதலில் எழுதியதில் 16. "அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்லை" என்ற காரணத்துக்காக 24 கூடுதலாகக் கொடுத்து நினைவகத்தைக் குறைத்துக்கொள்வது அந்தக் காரணத்துக்கே எதிரானது, ஏனென்றால் கார்டுகள் பழசாகும்போது முதலில் மூச்சு முட்டுவது பல நேரம் நினைவகத்தில்தான்.

இப்போது கடனுக்கு வருகிறேன். தவணைக்கு ஆண்டு வட்டி 16 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், அண்ணனின் கார்டில் சரியாக எவ்வளவு என்று கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். 90க்கு 24 மாதம் என்றால் மாதம் ஏறத்தாழ 4.4, மொத்தம் 106. வட்டி மட்டும் 16. ஒரு நல்ல 1080பி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் உங்கள் கணக்கில் 20க்குள் வரும், அதாவது வட்டியாகப் போகிற காசே கிட்டத்தட்ட ஒரு மானிட்டர்.

"வட்டியில்லாத் தவணை" என்று யாராவது சொன்னால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். மொத்தமாகப் பணம் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கடையில் ஒரு கேள்வி கேளுங்கள். 8 சதவீதம் குறைப்பார்கள் என்றால் 90இல் அது 7. தவணையில் உங்கள் கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால் சராசரியாக நிலுவையில் இருப்பது பாதித் தொகைதான், சுமார் 43. அதற்கு இரண்டு வருடத்தில் 7 கொடுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 சதவீதம், வட்டி இருக்கிறது, பெயர்ப்பலகைதான் இல்லை. செயல்பாட்டுக் கட்டணம் என்று ஒன்று இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வட்டியை விட என்னை உறுத்துவது அந்த 24 மாதம். 5070ஐத் தயாரிக்கும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை 2020 செப்டம்பரில் வந்தது, 40 வரிசை 2022 அக்டோபரில், 50 வரிசை 2025 ஜனவரியில். ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு வருடமும் ஒன்று முதல் மூன்று மாதமும். அடுத்தது எப்போது என்று நான் ஜோசியம் சொல்லவில்லை, ஆனால் இதுவரை போன வேகத்தைப் பார்த்தால் உங்கள் கடைசித் தவணை கழிகிற காலமும் அண்ணன் "புதுசு வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் போட்டால்" என்று ஆரம்பிக்கிற காலமும் பக்கத்துப் பக்கத்தில் வரும். ஒரு கடன் முடிகிற இடத்தில் அடுத்த கடனுக்கான காரணம் தயாராக நிற்கும். இப்படி மூன்று சுற்று போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் நல்ல கணினி இருக்கிறது, 30 வயதில் சேமிப்பு இல்லை.

அந்தக் கிரெடிட் கார்டு அண்ணனுடையது என்பதையும் பேச வேண்டும். அவர் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார், சந்தேகமே இல்லை. ஆனால் காகிதத்தில் கடன் வாங்கியவர் அவர். ஒரு மாதம் உங்களுக்குச் சம்பளம் தாமதமானால் அபராதமும் அவருக்கு, கடன் மதிப்பெண்ணில் அடியும் அவருக்கு. அவர் அதை உங்களிடம் கேட்கவும் சங்கடப்படுவார், நீங்கள் அவர் வீட்டுக்குப் போகவே கூச்சப்படுவீர்கள். இன்னொரு பக்கம், கார்டைக் கொடுத்தவர் என்பதாலேயே பட்டியலில் அவர் சொல்லை மறுக்க உங்களால் முடியாமல் போகிறது, 90 வரை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன். அவரிடம் நீளமாக விளக்கம் சொல்ல வேண்டாம். "அண்ணா, கையில் இருக்கிற 120க்குள் மட்டும்தான், அதற்குள் எது நல்லது சொல்லுங்கள்" என்று கேளுங்கள். விவரம் தெரிந்தவர் என்கிறீர்கள், எல்லை தெரிந்தால் அவரும் நன்றாகவே தேர்ந்தெடுத்துக் கொடுப்பார். அசெம்பிள் செய்யும் அன்று அவரைக் கண்டிப்பாகக் கூப்பிடுங்கள், முதல் தடவை இன்னொரு ஜோடிக் கை பக்கத்தில் இருப்பது பெரிய உதவி.

நான் சொல்வது இதுதான். முதல் பட்டியலுக்குத் திரும்புங்கள், 120க்கு ரொக்கமாக வாங்குங்கள். அடுத்த மூன்று மாதச் சேமிப்பில் மானிட்டர். அதற்குப் பிறகு, தவணை கட்டியிருந்தால் போயிருக்கும் அந்த 4.4ஐ மட்டும் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள், மீதி 3.6 உங்கள் வழக்கமான சேமிப்புக்கே போகட்டும். 24 மாதத்தில் அந்தக் கணக்கில் 106 இருக்கும். அன்றைக்கு எந்தக் கார்டு நல்லதோ அதை ரொக்கமாக வாங்கிக்கொள்ளலாம், பழையதை விற்றால் அதிலும் கொஞ்சம் வரும். அல்லது எதுவும் வாங்காமல் இருக்கலாம், 106 உங்களுடையது.

ப்ராசஸருக்கும் இதே வழி இருக்கிறது. ஏஎம்4 என்ற சாக்கெட்டில், அதாவது போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடத்தில், 2017இல் முதல் ரைசன்கள் வந்தன, அதே சாக்கெட்டுக்கு 2022இல் 5800எக்ஸ்3டி ப்ராசஸர் வந்தது, போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்து பழைய போர்டிலேயே அதைப் போட்டு ஓட்டியவர்கள் ஏராளம். நீங்கள் வாங்கப் போவது ஏஎம்5, அதை 2027க்கு அப்பாலும் தொடர்வதாக ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்றைக்கு 34 கூடுதலாகக் கேட்கிற 9800எக்ஸ்3டி அதே பி650 போர்டில் பிறகு உட்காரும், அப்போது பழைய சரக்காக விலை இறங்கியும் கிடைக்கலாம். எதிர்காலத்துக்கு ஏற்பாடு என்றால் அந்த போர்டே போதும்.

120க்குள்ளும் கை கூசாமல் செலவு செய்ய வேண்டிய இடம் பவர் சப்ளை. 9060 எக்ஸ்டி 16 ஜிபி கார்டு 160 வாட் அளவு இழுக்கும், 7600 முழு வேகத்தில் 90க்குள், மற்றதெல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் 300. 650 தாராளம், 850 உங்களுக்கு எதற்கும் தேவையில்லை. ஆனால் அந்த 650 நல்ல தயாரிப்பாக, நீண்ட வாரண்டியோடு இருக்கட்டும். பெட்டியில் உள்ள 80 ப்ளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதைத்தான் சொல்கிறது, பாதுகாப்பைப் பற்றி எதுவும் சொல்லாது. செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டைக் கூட ஓட்டிப் பார்த்து வாங்கலாம், செகண்ட் ஹேண்ட் பவர் சப்ளை வேண்டவே வேண்டாம்.

ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டி, "ஏஐ" என்று ஸ்டிக்கர் ஒட்டிய மதர்போர்டு, நீட்டித்த வாரண்டி இதெல்லாம் கடையில் கண்டிப்பாகக் காட்டுவார்கள். சாதாரண நான்காம் தலைமுறை எஸ்எஸ்டிக்கும் அதற்கும் கேம் திறக்கும் நேரத்தில் நீங்கள் உணரும்படி வித்தியாசம் இருக்காது. கடந்து போங்கள்.

ராம் மட்டும் உண்மையிலேயே ஒரு தொல்லை. 2025 கடைசியிலிருந்து ஏஐ சர்வர்களுக்கான தேவையால் மெமரி விலை ஏறிவிட்டது, "இப்போதே வாங்காவிட்டால் இன்னும் ஏறும்" என்று அவசரப்படுத்துவார்கள். நீங்கள் வாங்கப் போகும் நாளில் 32 ஜிபி பட்டியலை உடைத்தால், 8 ஜிபி துண்டு இரண்டு வாங்கி 16இல் தொடங்குங்கள். பெரும்பாலான கேம்களுக்கு அது ஓடும், பின்னால் தேவைப்பட்டால் ஜோடியாகவே மாற்றிக்கொள்ளலாம். விலை ஏறுமோ என்று பயந்து ஒவ்வொரு மாதமும் ஒரு பார்ட் வாங்கிச் சேர்க்கவும் வேண்டாம், எல்லாம் கைக்கு வந்து ஆன் செய்து பார்க்கும்போது முதலில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டியிருக்கும், வாரண்டியும் பெட்டிக்குள்ளேயே கரைந்திருக்கும். பணமாகச் சேர்த்து ஒரே தடவையில் வாங்குங்கள்.

அப்புறம், ஆன் செய்த அன்று காசு செலவில்லாமல் செய்ய வேண்டியவை மூன்று. பயாஸில் எக்ஸ்போ என்ற ராம் வேக அமைப்பை இயக்குங்கள், இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கிய ராம் தன் வேகத்தில் ஓடாது. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகாமல் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். புது மானிட்டர் வந்ததும் விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் போய் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள், பல நேரம் அது தானாக 60இலேயே நின்றுகொண்டிருக்கும்.