கிரௌஸின் சி மைனர் சிம்பொனி: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: ஹைடன், மொசார்ட் இருவரையும் ஓரளவு கேட்டுவிட்டேன். அதே காலத்தில் அதிகம் பேசப்படாத ஒரு சிம்பொனி சொல்லுங்களேன்.

பதில்: ஜோசப் மார்ட்டின் கிரௌஸின் சி மைனர் சிம்பொனி, 1783. சிம்பொனி என்றால் ஆர்கெஸ்ட்ராவுக்கான பெரிய இசைப்படைப்பு; மைனர் என்பது சோகச் சாயல் கொண்ட சுரவரிசை. யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். மொசார்ட் பிறந்த அதே 1756இல் ஜெர்மனியில் பிறந்தவர் கிரௌஸ். ஸ்வீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவிடம் வேலை பார்த்தார். மன்னர் செலவில் ஐரோப்பாவைச் சுற்றியபோது ஓபரா இசையமைப்பாளர் குளுக்கையும் ஹைடனையும் நேரில் சந்தித்தார். அந்தப் பயணத்தில் எழுதியது இது.

கேள்வி: எனக்கு இசை இலக்கணம் தெரியாது. எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதல் இரண்டு நிமிடத்தை. மெதுவான தொடக்கம். ஒரு சுரம் நீண்டு நிற்கும்போதே பக்கத்துச் சுரம் வந்து அதன்மேல் உரசும். காதுக்கு லேசாக வலிக்கும். முதல் சுரம் இறங்கி வழிவிடும். மூச்சு விடுவதற்குள் அடுத்த உரசல். குளுக்கின் 'ஆலிஸில் இஃபிஜினியா' ஓபராவின் முன்னிசையைக் கேட்டவர்களுக்கு இந்தச் சாயல் உடனே பிடிபடும். அப்புறம் வேகப்பகுதி பாய்கிறது. அந்தப் பாய்ச்சலுக்கு அர்த்தம் கொடுப்பதே முன்னால் வந்த அந்தத் தவிப்புதான். அதனால் தயவுசெய்து தொடக்கத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

கேள்வி: சிம்பொனி என்றால் வழக்கமாக நான்கு பகுதிகள் இருக்க வேண்டாமா? மூன்றுதானே இருக்கிறது?

பதில்: இதன் முந்தைய வடிவம் சி ஷார்ப் மைனரில் இருந்தது, மினுவெட் என்ற நடன இசையோடு நான்கு பகுதிகள். திருத்தியபோது மினுவெட்டை எடுத்துவிட்டார். சரியான முடிவு என்பேன். நடுவில் ஒரு நடனம் வந்தால் இந்த இறுக்கம் தளர்ந்துவிடும்.

கேள்வி: முழுக்கச் சோகம்தானா?

பதில்: இல்லை. நடுப்பகுதி மேஜரில், அதாவது வெளிச்சமான சுரவரிசையில், அமைதியாகப் போகும். கடைசிப் பகுதியில் சோகத்தைவிடக் கோபம் அதிகம்.

கேள்வி: ஹைடன் பாராட்டினாராமே?

பதில்: ஆமாம். கிரௌஸ் இறந்த பிறகு, ஸ்வீடன் தூதரக அதிகாரி சில்வர்ஸ்டோல்பேயிடம் அவரை மேதை என்றே ஹைடன் சொல்லியிருக்கிறார். இந்தச் சிம்பொனியையும் மனதாரப் புகழ்ந்தார்.

கேள்வி: எந்தப் பதிவு? அடுத்து எதைக் கேட்கலாம்?

பதில்: நாக்ஸோஸ் வெளியீட்டில் பெட்டர் சுண்ட்க்விஸ்ட் நடத்திய ஸ்வீடிஷ் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா. அந்தக் காலத்து வாத்தியங்களின் கரகரப்பு பிடிக்கும் என்றால் கான்செர்டோ கொல்ன் குழுவின் பதிவு. அடுத்தது கிரௌஸின் 'சிம்ஃபோனி ஃபுனெப்ர', அதாவது இரங்கல் சிம்பொனி. 1792இல் முகமூடி நடனத்தின்போது சுடப்பட்டு இறந்த அதே மன்னர் மூன்றாம் குஸ்தாவுக்காக எழுதியது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே கிரௌஸும் போய்விட்டார், 36 வயதில்.