காட்டுத்தீ வருமுன் வீட்டைச் சுற்றி என்ன செய்யலாம்? (கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு)

கேள்வி: அண்ணா, எங்கள் வீட்டுக்கும் மலைக்கும் நடுவில் பெரிய நெடுஞ்சாலை இருக்கிறது. நாங்களும் பயப்பட வேண்டுமா?

பதில்: வேண்டும். 2017 அக்டோபரில் சாண்டா ரோசாவின் காஃபி பார்க் பகுதியில், காற்றில் பறந்த கங்குகள் ஆறு வழிச் சாலையான 101ஐயே தாண்டி விழுந்து தெருத்தெருவாக வீடுகள் எரிந்தன. பெரும்பாலும் வீட்டைப் பிடிப்பது இந்தக் கங்குதான், விழும் இடத்தில் ஒரு கை காய்ந்த சருகு இருந்தால் அதற்குப் போதும்.

கேள்வி: தோட்டம் பெரியது, ஆள் வைக்கக் காசில்லை. எங்கே தொடங்க?

பதில்: சுவரிலிருந்து தொடங்கி வெளியே போங்கள். சுவரை ஒட்டிய முதல் 5 அடியில் மரப்பட்டைத் தூள், விறகு, நார் மிதியடி எதுவும் வேண்டாம், சரளைக்கல் கொட்டிவிடுங்கள். அப்புறம் ஏணி போட்டுக் கூரையோரத் தண்ணீர்த் தகரத்தைப் பாருங்கள். போன செப்டம்பரில் எங்கள் வீட்டில் கை விட்டபோது பைன் ஊசிகள் அப்பளம் மாதிரி நொறுங்கின, கீழே வந்தும் எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. பரணுக்குக் காற்று போகும் துவாரங்களில் 3 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலை அடியுங்கள், பிளாஸ்டிக் வலை உருகிவிடும். மரவேலி வீட்டைத் தொடுகிறதா? தொடும் அந்தக் கடைசித் துண்டையாவது இரும்பாக மாற்றுங்கள்.

கேள்வி: மரத்தையெல்லாம் வெட்டணுமா? ஜன்னலடியில் கறிவேப்பிலைத் தொட்டி வேறு இருக்கிறது.

பதில்: வெட்ட வேண்டாம். தரையிலிருந்து 6 அடிவரை தாழ்ந்த கிளைகளைக் கழித்து, அடியில் உள்ள புதரை எடுங்கள், தீ ஏறிப்போக ஏணி இருக்கக் கூடாது. தொட்டியை மட்டும் தள்ளி வையுங்கள்.

கேள்வி: என் கணவர் தங்கியிருந்து ஹோஸ் பிடித்து அணைக்கலாம் என்கிறார். ஊரிலிருந்து அத்தை மாமா வேறு வந்திருக்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து கிளம்பிவிடுங்கள். ஊரே குழாயைத் திறக்கும்போது தண்ணீர் வேகம் போய்விடும். 2018 நவம்பரில் பாரடைஸ் ஊரை எரித்த தீயில் 85 பேர் இறந்தார்கள், நிறைய பேர் வயதானவர்கள். மின்சாரம் போனால் கராஜ் கதவு தானாகத் திறக்காமல் போகலாம், மேலே தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கையால் தூக்க இன்றே பழகுங்கள். பகலில் அத்தையும் மாமாவும் தனியாக இருப்பார்கள் என்றால், கார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரிடம் இப்போதே பேசி வையுங்கள். அத்தை மாமாவின் பாஸ்போர்ட்டும் ஒரு வார மாத்திரையும் ஒரே பையில் வாசலருகே இருக்கட்டும்.