இதயக் குறையுள்ள பிள்ளைக்கு உடற்பயிற்சிச் செயலி வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. ‘டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ’ என்ற பிறவி இதயக் குறைக்காக, இரண்டு வயதாகும் முன்பே திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை செய்தோம். பயந்து பயந்து வளர்த்ததால் அவன் ஓடியாடுவதில்லை. பள்ளியிலும் விளையாட்டு வேளையில் உட்கார வைத்துவிடுகிறார்கள். இதயக் குறையுள்ள குழந்தைகளுக்கென்றே உருவாக்கிய செயலி என்று கைபேசியில் ஒரு விளம்பரம் வருகிறது. கைப்பட்டையும் சேர்த்து ஓராண்டுக்கு 11,999 ரூபாய். சலுகை இன்றிரவோடு முடிகிறதாம். பதிவுப் பக்கத்தில் வயது, உயரம், எடை மட்டுமே கேட்டார்கள். வாங்கலாமா?
– ஒரு தாய், தக்கலை

பதில்: இப்போது வாங்க வேண்டாம். உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே அதற்கான காரணம் இருக்கிறது. என்ன அறுவை சிகிச்சை நடந்தது, என்ன மருந்து சாப்பிடுகிறான், கடைசியாக எடுத்த எக்கோ என்ற இதய ஸ்கேனில் என்ன தெரிந்தது என்று எதையுமே கேட்காத செயலி, உங்கள் மகனுக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே பயிற்சியைத்தான் தரும்.

அதற்காக அவன் உட்கார்ந்தே இருக்க வேண்டியதில்லை. 5 முதல் 17 வயதுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்தது. பிறவி இதயக் குறையுள்ளவர்களையும் இயன்ற அளவு ஊக்குவிக்க வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2013-இலேயே அறிவுறுத்தியது. ஆனால் ஃபாலோ அறுவைக்குப் பின் சிலருக்கு நுரையீரல் தமனி வால்வில் கசிவும், சிலருக்கு இதயத் துடிப்பில் ஒழுங்கின்மையும் இருக்கக்கூடும் என்பதால், அந்த அளவு எது என்பதை எக்கோ, இசிஜி, தேவைப்பட்டால் டிரெட்மில் சோதனை ஆகியவற்றைப் பார்த்து அவனுடைய மருத்துவரே சொல்ல வேண்டும். கால்பந்துக்குப் பெயர்பெற்ற நம் கடற்கரை ஊரான தூத்தூர்ப் பிள்ளைகளைப் போலக் களத்தில் இறங்கலாமா, மிதிவண்டியோடு நிறுத்த வேண்டுமா, எந்த அறிகுறி தெரிந்தால் ஓய்வு தர வேண்டும் என்பதையெல்லாம் அடுத்த பரிசோதனையின்போது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதன் ஒரு நகலை உடற்கல்வி ஆசிரியரிடம் கொடுங்கள். பள்ளியில் அவனை உட்கார வைப்பது பெரும்பாலும் பயத்தால்தான். அந்தப் பயத்தைப் போக்க ஒரு மருத்துவரின் கையெழுத்து மிகவும் உதவும்.

கைப்பட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பச்சை ஒளியைத் தோலில் பாய்ச்சி, ரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு துடிப்பைக் கணக்கிடுகிறது. சிறு பிள்ளையின் மெலிந்த மணிக்கட்டில் பட்டை தளர்ந்திருந்தாலோ, கையை வேகமாக வீசினாலோ கணக்கு தவறும். 220-இலிருந்து வயதைக் கழித்து இலக்குத் துடிப்பு சொல்லும் செயலிகளும் உண்டு. இதயத் துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் போன்ற மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு அந்த எண் பொருந்தவே பொருந்தாது. விளையாடும்போது அவனால் தடையின்றிப் பேச முடிகிறதா என்று கவனிப்பது செலவில்லாத, நம்பகமான வழி. நெஞ்சுவலி, மயக்கம், படபடப்பு, உதடு நீலமாதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விளையாட்டை நிறுத்தி மருத்துவரை அணுகுங்கள்.

இத்தகைய திட்டங்கள் பயன் தருமா என்று டென்மார்க்கில் ஆராய்ந்தார்கள். சிக்கலான இதயக் குறையுள்ள 158 வளரிளம் பருவத்தினரிடம், செயலியும் குறுஞ்செய்தியும் கொண்டு 52 வாரம் ஊக்கமளிக்கும் திட்டத்தைச் சோதித்து, 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஊக்கம் பெற்றவர்களின் உடல்திறன் மற்றவர்களைவிடக் குறிப்பிடும்படி உயரவில்லை; பலர் சில வாரங்கூடத் தொடர்ந்து பயன்படுத்தவில்லை. எனவே, பதிவாகும் விவரங்களை உங்கள் மருத்துவமனையின் மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ பார்த்துப் பேசுவார் என்றால் மட்டுமே பணம் கொடுப்பதைப் பற்றி யோசியுங்கள். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால், வீட்டுக்குள்ளே செய்யக்கூடிய பயிற்சிகளையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: இதேபோன்ற செயலியை என் மகளுக்காக ஏழு நாள் இலவசம் என்று தொடங்கினேன். செயலியை நீக்கிய பின்னும் மாதந்தோறும் பணம் போகிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகர், குளச்சல்

பதில்: செயலியை நீக்கினால் பணம் கழிவது நிற்காது. நீங்கள் யுபிஐ மூலம் கட்டியிருந்தால், பணம் கட்டிய அந்த யுபிஐ செயலியில் ‘ஆட்டோபே’ பகுதிக்குச் சென்று, தானாகப் பணம் கழியக் கொடுத்த ஒப்புதலை இன்றே ரத்து செய்யுங்கள். விளம்பரம், விதிமுறைகள், பணம் கழிந்த குறுஞ்செய்திகள் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விளம்பரத்தில் ‘இதய நோய்க்கு’ என்று சொல்லிவிட்டு, விதிமுறையில் ‘இது மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று’ என்று எழுதியிருந்தால், அந்த முரண்பாடே உங்களுக்கு வலுவான சான்று. சந்தாவிலிருந்து வெளியேற முடியாதபடி செய்வதும், ‘இன்றே கடைசி’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி தடை செய்யப்பட்டவை.

முதலில் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அதிலும் தீராவிட்டால், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் அதற்குக் கட்டணம் இல்லை.