பார்க்குக்குப் போக அரை நாள் போதும், தங்கையே!

கேள்வி: எங்களுக்குத் திருமங்கலம். மகளுக்கு வருகிற மாசியில் மூன்று வயது முடிகிறது. மகனுக்கு ஒன்றரை வயது. பிறந்த நாளுக்குப் பரவையில் இருக்கிற அதிசயம் பார்க்குக்குக் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறோம். போன வருஷம் இரண்டு பிள்ளைகளையும் தமுக்கம் பொருட்காட்சிக்குக் கூட்டிப் போய், அழுகையும் சண்டையுமாகத் திரும்பி வந்தோம். இந்தத் தடவையும் அப்படி ஆகிவிடுமோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. "இவ்வளவு காசு கொடுத்து டிக்கெட் எடுத்தால், மூடுகிற வரைக்கும் இருந்துவிட்டுத்தான் வரணும்" என்கிறார் கணவர். "சின்னவனைத் தண்ணியில் இறக்காதே, சளி பிடிக்கும்" என்கிறார் அத்தை. அவரும் எங்களோடு வருகிறார். யார் பேச்சைக் கேட்பது? நிம்மதியாகப் போய்வர ஒரு வழி சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் டிக்கெட் விஷயத்தைப் பேசிவிடலாம். பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது. கொடுத்த காசுக்கு முழுதாக அனுபவிக்க வேண்டும் என்று உங்கள் கணவர் நினைப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு பெரியவர்களுக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கும்தான் சரிவரும். மூன்று வயதுப் பெண் பிள்ளையின் சராசரி உயரம் 95 சென்டிமீட்டர். ஒன்றரை வயதுப் பையனுக்கு 82 சென்டிமீட்டர். தீம் பார்க்குகளில் பெரிய ராட்டினத்துக்கும் உயரமான சறுக்குக்கும் உயரக் கட்டுப்பாடு உண்டு. நுழைவிடத்தில் கோடு போட்டு வைத்திருப்பார்கள். பெரும்பாலானவற்றில் உங்கள் மகளையே ஏற்ற மாட்டார்கள், மகனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவர்களுக்கென்று இருப்பது குதிரை ராட்டினம், குட்டி ரயில், முழங்கால் அளவுத் தண்ணீர் இப்படிச் சிலதுதான். அவை எல்லாவற்றையும் இரண்டு தடவை சுற்றி வந்தாலும் மூன்று மணி நேரம் தாராளம். ஆக, நீங்கள் மதியமே கிளம்பினாலும் பிள்ளைகள் எதையும் இழக்கப் போவதில்லை. இதை அவரிடம் இப்போதே பேசி, கிளம்பும் நேரத்தையும் சேர்த்து முடிவு செய்துவிடுங்கள். அங்கே போய் வெயிலில் நின்றுகொண்டு "இன்னும் கொஞ்ச நேரம்", "வேண்டாம், போகலாம்" என்று ஆரம்பித்தால்தான் அது சண்டையில் முடிகிறது.

கிளம்பும் நேரத்தைத் தீர்மானிக்க வேண்டியது சின்னவனின் தூக்கம். ஒன்று, இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் வேண்டும். மூன்று வயதில் 10 முதல் 13 மணி நேரம். பொருட்காட்சியில் என்ன நடந்தது என்று நீங்கள் விவரமாக எழுதவில்லை. ஆனாலும் ஊகிக்க முடிகிறது. பொருட்காட்சி களைகட்டுவதே பொழுது சாய்ந்த பிறகுதான். ராத்திரிச் சாப்பாடு தள்ளிப்போயிருக்கும், தூக்க நேரம் தாண்டியிருக்கும், சுற்றிலும் மைக் சத்தமும் கூட்டமும் இருந்திருக்கும். அந்த நேரத்தில் பிள்ளை அழுதால் அது அடமில்லை. உடம்பு முடியவில்லை என்பதை அழுகையைத் தவிர வேறு எப்படிச் சொல்லும்? நீங்கள் அதற்காக உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்.

மாசி நல்ல தேர்வு. சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது கைக்குழந்தையோடு இந்த மாதிரி இடத்துக்குப் போகவே கூடாது என்பேன். மாசியில் காலைகள் இன்னும் இதமாக இருக்கும், மதியம்தான் சுள்ளென்று அடிக்கும். பிறந்த நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தால், அன்றைக்கே போக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். மூன்று வயதுக் குழந்தைக்குத் தேதி தெரியாது, கூட்டம் தெரியும். ஒரு செவ்வாயோ புதனோ கணவர் லீவு போட முடிந்தால், வரிசையில் நிற்கிற நேரமே பாதியாகக் குறையும். முந்தின நாள் பார்க்குக்குப் போன் போட்டு நான்கு விஷயம் கேளுங்கள்: எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், தண்ணீர்ப் பகுதியை எப்போது திறந்துவிடுகிறார்கள், குழந்தைச் சாப்பாட்டை உள்ளே கொண்டுவர விடுவார்களா, தண்ணீரில் இறங்க எந்த மாதிரி உடை வேண்டும். வெளிச் சாப்பாட்டை அனுமதிக்காத பார்க்குகளில்கூடக் கைக்குழந்தை உணவு என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஆனால் வாசலில் வைத்து வாதாடுவதைவிட முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

திருமங்கலத்திலிருந்து நீங்கள் மதுரை ஊருக்குள் நுழையவே வேண்டியதில்லை. கப்பலூர் வழியாக நான்குவழிச் சாலையைப் பிடித்தால் சமயநல்லூர் பக்கம் போய்விடலாம், பரவை அங்கிருந்து பக்கம்தான். காரில் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்காராதீர்கள். சடன் பிரேக் போட்டால் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாலும் பிள்ளையைக் கையால் நிறுத்த முடியாது, ஏர்பேக் விரிந்தால் அது நேராகப் பிள்ளையின் மேல்தான் மோதும். குழந்தை சீட் இருந்தால் பின்னால் கட்டுங்கள், இல்லையென்றால் உறவில் யாரிடமாவது இரவல் கேளுங்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கு ஆயிரம் ரூபாய் அபராதம்கூட உண்டு. அப்புறம், "ரெண்டு நிமிஷம்தான், டிக்கெட் எடுத்துட்டு வந்துடறேன்" என்று தூங்குகிற பிள்ளையைப் பூட்டின காருக்குள் விட்டுவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். நிறுத்தின கார் சில நிமிஷங்களிலேயே அடுப்பாகிவிடும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் ஆகாது. அத்தை கூட இருந்தாலும், எல்லோரும் சேர்ந்தே இறங்குங்கள்.

இனி தண்ணீர். உங்கள் அத்தையின் பயத்தை நான் மதிக்கிறேன். சளி வருவது வைரஸ் கிருமியால், தண்ணீரில் நனைவதால் மட்டும் வந்துவிடாது. ஆனால் சின்னவன் விஷயத்தில் அவர் சொல்கிற முடிவு கிட்டத்தட்ட சரி, காரணம்தான் வேறு. ஒன்றரை வயதுப் பிள்ளை தண்ணீரைக் குடித்துவிடும். நூறு பேர் இறங்குகிற தண்ணீர் அது. குளோரின் போட்டிருந்தாலும் சில வயிற்றுக் கிருமிகள் அதற்கு அசையாமல் பல நாள் இருக்கும். சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்தும் போகும். அதனால் அவனைப் பெரிய குளத்துக்கோ அலை அடிக்கும் குளத்துக்கோ கொண்டுபோகாதீர்கள். குழந்தைகளுக்கான ஆழமில்லாத இடத்தில், உங்கள் மடியில் உட்காரவைத்துக் காலை நனைக்கவிடுங்கள். பத்து, பதினைந்து நிமிஷம் போதும். உதடு நிறம் மாறினாலோ நடுங்கினாலோ உடனே தூக்கித் துவட்டிவிடுங்கள். தண்ணீருக்கு அடியில் தரை தெளிவாகத் தெரியவில்லை என்றால் மகளைக்கூட அதில் இறக்காதீர்கள். இருவரில் யாருக்காவது பேதி இருந்தால் தண்ணீர் கிடையாது. நின்ற பிறகும் இரண்டு வாரம் தள்ளிப்போடுவது மற்ற பிள்ளைகளுக்கும் நல்லது. வீட்டில் போடுகிற சாதாரண டயப்பர் தண்ணீரை உறிஞ்சி மூட்டையாகத் தொங்கும். நீச்சலுக்கென்று விற்கிற டயப்பரை வாங்கிக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. தண்ணீரில் மூழ்குகிற குழந்தை கையை ஆட்டிக் கத்தும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி நடப்பதில்லை. சத்தமே இல்லாமல் போய்விடும், கணுக்கால் அளவுத் தண்ணீரில்கூட. நான்கு பேர் சுற்றி நின்றாலும், ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்துவிட்டால் யாருமே பார்க்காமல் போகிற நேரம் வரும். அதனால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில், செல்போன் பைக்குள். மாற வேண்டும் என்றால் வாய்விட்டுச் சொல்லி மாறுங்கள். "பாப்பாவை இனி நீ பாரு", "சரி, நான் பார்க்கிறேன்" என்று பதில் வந்த பிறகுதான் கண்ணை எடுக்க வேண்டும். காற்று ஊதிய கைப்பட்டையையும் டியூபையும் நம்பி விட்டுவிடாதீர்கள், அவை விளையாட்டுச் சாமான்கள். லைஃப் கார்டு நிற்பது கூடுதல் காவல்தான், உங்கள் கண்ணுக்குப் பதில் இல்லை.

உள்ளே போனதும் தண்ணீரை நோக்கி ஓட வேண்டாம். காலையில் தண்ணீரில் இறங்கினால் பிள்ளைகள் வெளியே வர மாட்டார்கள், மற்றதெல்லாம் ஈர உடையோடு அலைவதாக ஆகும். முதலில் ராட்டினம், ரயில். மகள் புதிதாக ஒன்றைப் பார்த்துப் பயந்தால், வெளியே நின்று இரண்டு சுற்று வேடிக்கை பார்க்கட்டும். அப்புறமும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். "இதுக்கா பயப்படுற? அங்கே பாரு அந்தத் தம்பி எப்படி உட்கார்ந்திருக்கான்" என்று சொல்லி ஏற்றிவிட்டு அழ அழ போட்டோ எடுப்பது வேண்டவே வேண்டாம். பொம்மை வேஷம் போட்டவர்கள் கிட்டே வந்தாலும் அப்படித்தான், இந்த வயதில் பல பிள்ளைகள் மிரளுவார்கள். பாட்டுப் போட்டு ஆடுகிற மழை நடன இடத்துப் பக்கம் சின்னவனைக் கொண்டுபோக வேண்டாம், அந்த ஸ்பீக்கர் சத்தம் அவன் காதுக்கு ஆகாது.

கணவருக்குப் பெரிய சறுக்கில் போக ஆசை இருக்கும், உங்களுக்கும் இருக்கும். தாராளமாகப் போங்கள், ஆனால் ஒருவர் மாற்றி ஒருவர். அத்தையிடம் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு இருவரும் சேர்ந்து போவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த வயதில், வழுக்குகிற தரையில், இரண்டு பக்கம் ஓடுகிற பிள்ளைகளைப் பிடிக்கச் சொல்வது நியாயமில்லை. அவருக்கு நிழலில் ஒரு இடம் பிடித்துக் கொடுங்கள். பையும் பாலும் துண்டும் அங்கேயே இருக்கட்டும், எல்லோரும் அங்கேதான் திரும்பி வர வேண்டும் என்று வைத்துக்கொண்டால் யாரும் யாரையும் தேட வேண்டியதில்லை. சின்னவன் சோர்ந்தால் அவர் மடியில் கொஞ்ச நேரம் கிடக்கட்டும். வேலைக்காக மட்டும் கூட்டிப் போகாமல், குட்டி ரயிலில் பேத்தியோடு அவரையும் ஒரு சுற்று ஏற்றிவிடுங்கள், சந்தோஷப்படுவார்.

சாப்பாட்டுக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். காலையில் வீட்டிலேயே இட்லி சாப்பிட்டுக் கிளம்புங்கள். கையில் தயிர்சாதம், வேகவைத்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம் இருந்தால் போதும். பதினோரு மணி வாக்கில் ஏதாவது கொடுத்துவிடுங்கள். பசி வந்து அழுத பிறகு ஊட்டினால் இறங்காது. பாப்கார்னும் வேர்க்கடலையும் கண்ணில் படும், கேட்பார்கள். நான்கு வயது வரைக்கும் இரண்டும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உள்ளவை, அதிலும் ஓடிக்கொண்டே தின்றால் இன்னும் மோசம். திராட்சை கொடுத்தால் நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். தாகத்துக்குத் தண்ணீரும் மோரும்தான் சிறந்தது. பையில் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கட்டும், வாந்தி பேதி என்றால் உதவும். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுதாக ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் வருகிற இனிப்புப் பானத்தை அதற்குப் பதிலாக வாங்கிவிடாதீர்கள். அப்படிப்பட்ட பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரையே போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது.

உடைக்குத் தொப்பி, முழுக்கை பருத்திச் சட்டை, ஆளுக்கு இரண்டு செட் மாற்றுத் துணி. மதியம் சிமெண்ட் தரை பொசுக்கும், ரப்பர் செருப்பு இல்லாமல் இறக்க வேண்டாம். இரண்டு பேருக்கும் பளிச்சென்ற நிறத்தில் சட்டை போட்டு, காலையில் கிளம்பும்போதே செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். யாராவது கண்ணுக்குத் தெரியாமல் போனால், என்ன உடை என்று யோசிக்காமல் படத்தைக் காட்டிவிடலாம். கையில் பேனாவால் உங்கள் போன் எண்ணை எழுதிவிடுங்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் போட்டிருக்கிற சட்டையை மகளுக்குக் காட்டி, "அம்மாவைக் காணோம்னா இந்தச் சட்டை போட்ட அக்காகிட்ட போகணும்" என்று உள்ளே போனதும் சொல்லிக் கொடுங்கள். மூன்று வயதில் அது புரியும்.

பன்னிரண்டரைக்குத் தண்ணீரிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். திடீரென்று தூக்கினால் மகள் அழுவாள். "இன்னும் ரெண்டு சறுக்கு, அப்புறம் துவட்டிக்கிட்டுச் சாப்பாடு, அப்புறம் கார்" என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி செய்யுங்கள். இரண்டு சறுக்கு மூன்றாக ஆகக் கூடாது. நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, உலர்ந்த துணி மாட்டி, சாப்பிடவைத்து ஒன்றரைக்குள் காரில் ஏற்றினால் இருவரும் கப்பலூர் வருவதற்குள் தூங்கிவிடுவார்கள். வழியில் கோயிலுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ ஒரு எட்டுப் போய் வரலாம் என்ற எண்ணம் வேண்டாம், அது இன்னொரு நாள். கேக்கை மாலையில், பிள்ளைகள் தூங்கி எழுந்த பிறகு வீட்டில் வெட்டுங்கள்.

அன்று காலை இருவரில் ஒருவருக்கு உடம்பு சுட்டாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஆன்லைனில் டிக்கெட் எடுப்பதாக இருந்தால், தேதியை மாற்றிக்கொள்ள முடியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் வாசலிலேயே எடுத்துக்கொள்ளலாம், வார நாளில் அதற்கு அதிக நேரம் ஆகாது.