28 சீட்டாட்டத்தில் முதல் நாலு சீட்டை வைத்து எவ்வளவு கேட்கலாம்?

ஸ்பேடில் ஜாக்கி, ஏஸ், ஏழு, கூடவே ஆர்ட்டின் ராஜா. இந்த நாலும் வந்தால் 18 கேட்கலாமா, அதாவது 18 புள்ளி எடுப்போம் என்று ஏலம் சொல்லலாமா என்பது உங்கள் கேள்வி. நான் 16-ஓடு நிறுத்திவிடுவேன்.

எல்லோரும் பயப்படுவது ஸ்பேட் ஒன்பதுக்குத்தான். ஜாக்கிக்கு அடுத்த பெரிய சீட்டு அது, 2 புள்ளி. மொத்தம் 32 சீட்டில் இன்னும் நீங்கள் பார்க்காதவை 28. அதில் உங்களுக்கு வரப்போவது 4, கூட்டாளிக்கு 8, எதிரணிக்கு 16. அதனால் ஒன்பது எதிரணியிடம் போக 7-க்கு 4 வாய்ப்பு. பாதிக்கும் மேல்!

சரி, துருப்பாவது (மற்ற இனங்களை வெல்லும் இனம், இங்கே ஸ்பேட்) கூடுமா? மீதி 5 ஸ்பேடில் ஒன்றாவது அடுத்த நாலில் உங்கள் கைக்கு வர ஏறத்தாழ 57 சதவீதம் வாய்ப்பு உண்டு. 16 கேட்க அது எனக்குப் போதும்.

ராஜாவை நம்பி ஏறாதீர்கள். இந்த ஆட்டத்தில் ராஜாவுக்குப் புள்ளியே இல்லை, பத்துகூட அதை வெட்டும். அதன் இடத்தில் ஆர்ட்டின் ஜாக்கி இருந்தால் தயங்காமல் 18 கேட்பேன். அப்புறம், கூட்டாளி ஏற்கெனவே கேட்டிருந்தால் அவர் மேல் ஏறாமல் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அவரிடமும் ஒரு ஜாக்கி இருக்கும், உங்கள் ஸ்பேட் ஜாக்கி அவருக்கு உதவும்.