வேர்டில் தட்டச்சு செய்த என் நூலை நானே அச்சிட்டு வெளியிடப் போகிறேன். அதை பி.டி.எஃப். ஆக மாற்ற எந்த மென்பொருள் அல்லது வலைத்தளம் நல்லது?

எதில் தட்டச்சு செய்தீர்களோ அதிலேயே மாற்றுங்கள். வேர்டு என்றால் 'சேவ் ஆஸ்' போய் பி.டி.எஃப். என்று தேர்ந்தெடுத்தால் போதும். லிப்ரே ஆபிஸ் ரைட்டரில் 'எக்ஸ்போர்ட் ஆஸ் பி.டி.எஃப்.' இருக்கிறது. இலவசமாக மாற்றித் தரும் வலைத்தளங்கள் பக்கம் போகவே வேண்டாம். நீங்கள் பயன்படுத்திய எழுத்துரு அவர்கள் கணினியில் இருக்காது. வேறொன்றைப் போட்டு மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், வரிகளெல்லாம் இடம் மாறிவிடும். தவிர, இன்னும் வெளிவராத உங்கள் நூலை முன்பின் தெரியாத ஒரு சர்வரில் எதற்கு ஏற்ற வேண்டும்?

மாற்றுவது ஒரு நிமிட வேலை. அதற்கு முன்னால் கோப்பைச் சரிசெய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. பி.டி.எஃப். ஆன பிறகு எதையும் திருத்துவது பெரும்பாடு.

முதலில் தாள் அளவு. பெரும்பாலானவர்கள் ஏ4 தாளிலேயே முழு நூலையும் அடித்துவிட்டு அப்படியே மாற்றி அச்சகத்துக்கு அனுப்புகிறார்கள். நூல் 5.5க்கு 8.5 அங்குலம் என்றால் அச்சகத்தில் அதைச் சுருக்கித்தான் ஆக வேண்டும். நீங்கள் 12 புள்ளியில் வைத்த எழுத்து ஏறக்குறைய 8 புள்ளிக்கு இறங்கிவிடும். கண்ணாடி போட்டவர்கூட வாசிக்கச் சிரமப்படுவார். அதனால் நூல் என்ன அளவில் வரப்போகிறது என்பதை முதலிலேயே முடிவு செய்து, பேஜ் செட்டப்பில் அதே அளவை வையுங்கள். அங்கேயே 'மிரர் மார்ஜின்ஸ்' தேர்ந்தெடுத்தால் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உள்விளிம்பு, அதாவது நூலைக் கட்டும் பக்கத்து ஓரம், சரியாக மாறி மாறி வரும். உள்விளிம்பில் தாராளமாக இருங்கள். நூலை நாமே வெளியிட உதவும் அமேசானின் சேவையான கே.டி.பி. 150 பக்கம் வரை குறைந்தது 0.375 அங்குலமும், 300 பக்கம் வரை 0.5 அங்குலமும் கேட்கிறது. அது கட்டாயக் குறைந்தபட்சம்தான். வாசிப்பவர் நூலை மடக்கிப் பிடிக்காமல் படிக்க வேண்டும் என்றால் முக்கால் அங்குலம் விடலாம் என்பது என் கருத்து.

அடுத்து எழுத்துரு. தமிழ் நூலுக்கு இதுதான் உயிர்நாடி. பழைய கோப்புகளில் யூனிகோடு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாத எழுத்துருக்கள் இருக்கும். திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் ஒன்றும் புரியாது. அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை மெய்ப்பும் பார்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

தடித்த எழுத்தையும் கவனியுங்கள். பல தமிழ் எழுத்துருக்களில் சாதாரண வடிவம் மட்டுமே இருக்கும். நீங்கள் 'போல்டு' அழுத்தினால் மென்பொருள் தானாகவே கோடுகளைத் தடிக்க வைக்கும். ண, ஞ, ஐ போன்ற சுழி உள்ள எழுத்துகளில் சுழியின் ஓட்டை அடைபட்டு மை அப்பியதுபோல அச்சாகும். தலைப்புகளுக்குத் தனியாகத் தடித்த வடிவம் உள்ள எழுத்துருவாகப் பாருங்கள். நோட்டோ செரிஃப் தமிழில் அது உண்டு, அதற்குக் கட்டணமும் இல்லை.

திரையில் கண்ணுக்கே தெரியாத சிக்கல் ஒன்று இருக்கிறது. வலைப்பக்கத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ வெட்டி ஒட்டிய பத்திகள் பல நேரம் முழுக் கறுப்பாக இருப்பதில்லை, கரும்சாம்பலாக இருக்கும். அச்சில் சாம்பல் நிறம் புள்ளிபுள்ளியாகத்தான் விழும். அந்தப் பத்தி மட்டும் மங்கி, எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். நூல் முழுக்கக் கறுப்பு எழுத்து மட்டும்தான் என்றால் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து நிறத்தை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றிவிடுங்கள்.

படங்கள் இருந்தால் அச்சிடும் அளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 4 அங்குல அகலப் படத்துக்கு 1200 பிக்சல். வேர்டு கோப்பைச் சேமிக்கும்போதே படங்களைச் சுருக்கிவிடும். ஆப்ஷன்ஸில் 'அட்வான்ஸ்டு' பகுதியில் படங்களைச் சுருக்காதே என்று ஒரு தேர்வு உண்டு. படங்களைச் சேர்ப்பதற்கு முன்பே அதை டிக் செய்துவிடுங்கள். சுருங்கிய படத்தை மறுபடி பெரிதாக்கினாலும் தெளிவு வராது.

சரி, இப்போது மாற்றலாம். கண்ட்ரோல் ஏ, பிறகு எஃப் 9 அழுத்தி உள்ளடக்கப் பக்கத்தின் எண்களைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். வேர்டில் 'ஸ்டாண்டர்டு' தேர்வையே வையுங்கள், 'மினிமம் சைஸ்' திரையில் பார்ப்பதற்கு மட்டும். பிரிண்ட் கொடுத்து 'பிரிண்ட் டு பி.டி.எஃப்.' வழியாக மாற்ற வேண்டாம். தாள் அளவு மாறிப்போகக்கூடும், உள்ளடக்கத்தின் இணைப்புகளும் போய்விடும். லிப்ரே ஆபிஸ் என்றால், இயல்கள் வலப்பக்கத்தில் தொடங்குவதற்காக அது தானாகச் சேர்க்கும் வெற்றுப் பக்கங்களையும் ஏற்றுமதி செய்யும் தேர்வு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் வலப்பக்கம் எல்லாம் இடப்பக்கமாகி, நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த உள்விளிம்பு வெளியே போய்விடும்.

மாற்றியதும் அடோபி ரீடரில் திறந்து கண்ட்ரோல் டி அழுத்துங்கள். 'ஃபான்ட்ஸ்' பட்டியலில் ஒவ்வோர் எழுத்துருவின் பக்கத்திலும் 'எம்பெடட்' அல்லது 'எம்பெடட் சப்செட்' என்று இருக்க வேண்டும். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்றில் இல்லையென்றாலும் அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள். அப்புறம் 200 சதவீதம் பெரிதாக்கி ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் தனியாக நிற்கிறதா, பக்கத்தின் அடியில் தலைப்பு மட்டும் தொங்குகிறதா என்பதெல்லாம் இப்போதுதான் கண்ணில் படும்.

அந்தக் கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேறெங்காவது ஒட்டினால் 'கொ'வின் கொம்பு முன்னால் தனியாக வந்து நிற்பதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். தமிழ் பி.டி.எஃப்.களில் இது சகஜம். எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் உள்ளே அடுக்கப்படுவதால் வருவது. அச்சில் எந்தப் பாதிப்பும் இல்லை. ஆனால் தேடல் சரியாக வேலை செய்யாது. அதனால் மின்னூலாகவும் விற்கப் போகிறீர்கள் என்றால் அதற்கு ஈபப் என்ற மின்னூல் வடிவக் கோப்பைத் தனியாகத் தயாரியுங்கள். கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கவும் அதுதான் வசதி.

அட்டை வடிவமைப்பாளரிடம் இதற்குப் பிறகு போங்கள். நூலின் முதுகு எவ்வளவு தடிமன் என்பது பக்க எண்ணிக்கையையும் தாளையும் பொறுத்தது. கே.டி.பி. கணக்கில் க்ரீம் தாளுக்குப் பக்கம் ஒன்றுக்கு 0.0025 அங்குலம், அதாவது 200 பக்கத்துக்கு அரை அங்குலம். அச்சகம் என்றால் அவர்கள் தாளுக்கான கணக்கை அவர்களிடமே கேளுங்கள். அட்டை முடிந்ததும் மொத்தமாக அடிக்கச் சொல்லாமல், ஒரே ஒரு பிரதி மட்டும் வாங்கிப் பாருங்கள்.